மூக்குக்குள் ஒரு பரீட்சை

எதிர்வீட்டு சைராகுல் அன்றைக்குச் சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்த்ததுமே, யாரோ தொலைந்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொதிக்கிற சூப்பை அணைத்துவிட்டு நானும் கூடவே ஓடினேன். எங்கள் பிஷ்கெக் நகரில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு யாரும் போய் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். சினிமாவுக்குக் காசு கொடுத்துப் போகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள்.

சைராகுல் குழந்தைகளின் நெஞ்சுச்சளி நோய்களை ஆராய்கிறவள். நாமெல்லாம் ஜன்னலை அடைத்துக்கொண்டு அடுப்போடு ஒண்டுகிற காலத்தில் அவள் நாரின் மலைக் கிராமங்களுக்கு ஏறிவிடுவாள். பிள்ளைகளின் மூக்கில் கடைசி மூலைவரை பஞ்சுக்குச்சியை விட்டு, எந்த வகை நிமோனியாக் கிருமி அங்கே குடியிருக்கிறது என்று பார்ப்பாள். தடுப்பூசி வந்தபின் பழைய வகைகள் காலி செய்ததையும், அந்த இடத்துக்கு வேறு வகைகள் சத்தமில்லாமல் குடிவந்ததையும் கண்டுபிடித்தவள் அவள்தான். எங்கள் கட்டடத்தில் யார் காலி செய்தார், யார் வந்தார் என்பது எனக்கு எப்படியோ, அப்படி அவளுக்குக் குழந்தைகளின் மூக்கு. அவள் கல்யாணம்கூட அந்தக் குளிர்காலங்களில்தான் கரைந்துபோனது.

துறைத்தலைவர் பேராசிரியர் ஓர்மோன்பெக் வருடாவருடம் ஒரே பாட்டுத்தான் பாடுவார்: "அடுத்த வருஷம் முனைவர் பட்டம் உனக்குத்தாம்மா." வேலை முடிந்ததும் அவ்வளவையும் வாரித் தன் மருமகள் பெரிசாத்துக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத் தேர்வு அவளுக்குத்தான்.

"புகார் எழுதிப் போடுக்கா," என்றேன்.

"போட்டா அது யார் மேசைக்குப் போகும்? அவர் மேசைக்குத்தானே! இது என் வேலைன்னு அவர் வாயாலயே வரணும். அதுவும் நாலு பேர் முன்னாடி."

மண்டபம் நிறைந்திருந்தது. பெரிசாத் மனப்பாடம் செய்ததைப் பிசிறில்லாமல் ஒப்பித்தாள். முன்வரிசையில் மாமனார் தாளம் போடாத குறை. "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் தேர்வுச் சபைத் தலைவர்.

சைராகுல் எழுந்தாள். "நாரின்ல அத்தனை குழந்தைக்கும் சளி மாதிரி எடுத்தது நீதானேம்மா?"

"ஆமா, அக்கா."

"ரொம்ப சந்தோஷம். எப்படி எடுத்தேன்னு கொஞ்சம் காட்டு. குழந்தை எதுக்கு, பாவம்? நம்ம பேராசிரியர் ஐயா டிவியில தாய்மாருங்களுக்குச் சொன்னாரே, வலிக்கவே வலிக்காது, வேணும்னா என் மூக்கைத் தர்றேன்னு." கைப்பையிலிருந்து உறை பிரிக்காத குச்சியை எடுத்து நீட்டினாள்.

மண்டபம் சிரித்தது. பிறகுதான் பலருக்கு உறைத்தது. மாமனார் பெயரைக்கூட வாயால் சொல்லாத மருமகள் அவள். அவருக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து அறையைவிட்டு வெளியேறுகிறவள்.

"அவங்க மூக்கையா?" பெரிசாத்தின் முகம் வெளுத்தது.

"நோய்க்கு ஏதும்மா மாமனார், மருமகள்?" என்றார் சபைத் தலைவர். அவருக்கும் ஓர்மோன்பெக்குக்கும் பழைய கணக்கு ஏதோ இருக்கிறது. அதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முடியாது என்றால் குட்டு உடையும். ஓர்மோன்பெக் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பயப்படாம செய்," என்று மூக்கை நிமிர்த்தினார்.

குச்சி காதைப் பார்த்து நேர்ப்பின்னால் போக வேண்டும். பெரிசாத் அதைக் கூரையைப் பார்த்து ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஐயோ! மேல இல்லடி, பின்னால! பின்னால!" அலறியபடி அவர் துள்ளி எழுந்தார். வெள்ளைச் சட்டையில் ரத்தம். "சைராகுல் அத்தனை பிள்ளைங்களுக்கு எடுத்தா, ஒரு பொட்டு ரத்தம் வந்திருக்குமா?"

கைக்குட்டையை மூக்கில் வைத்தபிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

"அப்ப எடுத்தது சைராகுலா?" என்றார் சபைத் தலைவர், மிகுந்த அன்போடு.

ஆய்வேட்டைச் சபை நிராகரித்தது. குச்சி மேலே ஏறியது பெரிசாத்துக்குத் தெரியாமல் நேர்ந்த பிசகு என்றார்கள். வருடக்கணக்காக அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தேநீர் ஊற்றிய கை அது. நான் நம்பவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பட்டம் நிச்சயம் என்ற தைரியத்தில் ஓர்மோன்பெக் வீட்டில் விருந்துக்குக் குதிரையை அறுத்தாகிவிட்டது. வெந்த இறைச்சி காத்திருக்குமா? விருந்து நடந்தது. சைராகுலும் போனாள், கூப்பிட்ட மரியாதைக்கு. நான் போனேன், கூப்பிடாமலே. எங்கள் வழக்கப்படி வயதுக்கும் மதிப்புக்கும் ஏற்ப எலும்புத்துண்டுகள் பரிமாறப்பட்டன. பெண்களில் மூத்தவளுக்குரிய இடுப்பெலும்பை வீட்டுக்காரர்தான் கொடுத்தாக வேண்டும். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓர்மோன்பெக், அன்றைக்கு மூத்தவளான சைராகுலிடம் தட்டை நீட்டினார்.

"இப்ப திருப்திதானே, சைராகுல்?"

"இது மருமகப்பொண்ணு ஆய்வேட்டுக்கு மட்டும்தான், ஐயா." அவள் கத்தியை வாங்கி நிதானமாக ஒரு துண்டு அறுத்தாள். "என் வேலையை வச்சு உங்க பேர்ல வெளிநாட்டுல வந்த கட்டுரைங்க அப்படியே இருக்கே. அதைப்பத்தியெல்லாம் சாப்பிட்டுட்டுப் பேசலாம்."