தச்சன் சொல்ல வேண்டிய வசனம்

லிப்ட் மெக்கானிக்குக்கு அந்தப் பத்து நாளும் ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. மனைவியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை முடிவு வரும். அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, நாடகம்.

நாடகத்தில் அவன் ஓர் அடிமை. கரும்புத் தோட்டத்து முதலாளிக்காக வழிபாட்டுக் கூடம் கட்டுகிற தச்சன். கடைசி உத்தரத்தை ஏற்றுகிற நாளில் அவன் மனைவியை வேறொரு தோட்டத்துக்கு விற்றுவிடுகிறார்கள். போகிற வழியிலேயே அவள் இறந்துபோகிறாள். செய்தி வந்ததும் தச்சன் தான் கட்டிய கூடத்தின் நடுவில் நின்று, மேலே பார்த்துச் சொல்ல வேண்டும்: “அவளைக் காப்பாற்றாத நீ எனக்கு எதற்கு? நீ இல்லை. இருந்திருந்தால் இறங்கி வந்திருப்பாய்.”

மெக்கானிக் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. மனைவி இழுத்துக்கொண்டு போனால் கும்பிடுவான், அவ்வளவுதான். ஆனால் சோதனைக்கு அனுப்பிய நாளிலிருந்து, லிப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் தடவும்போதெல்லாம் வாய் தானாக முணுமுணுத்தது. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். இந்த நிலைமையில் அந்த வசனத்தை எப்படிச் சொல்வது?

பர்னிச்சர் கடை மாடியில் ஒத்திகை. முதல் நாள் அந்த இடம் வந்ததும் இருமினான். மறுநாள் தண்ணீர் கேட்டான். மூன்றாம் நாள் மறந்துவிட்டது என்றான். முதலாளியாக நடித்த தபால்காரர், “என்னப்பா, நாலு பக்கம் ஞாபகம் இருக்கு, இந்த ஒரு வரி மட்டும் கழண்டுக்குதா?” என்று சிரித்தார்.

அன்றைக்கு இயக்குநர் அக்காவை மாடிப்படிக்குத் தனியாக அழைத்துப் போனான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர் அவர்.

“அக்கா, அந்த வரிய எடுத்துடுங்களேன்.”

“அதை எடுத்துட்டா நாடகத்துல மிச்சம் என்ன தம்பி இருக்கு? அவன் அப்படிக் கேட்டாத்தானே அதுக்கப்புறம் அவன் அந்தக் கூடத்தை விட்டுப் போறதுக்கு அர்த்தம்?”

அவன் கட்டியைப் பற்றிச் சொன்னான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்ட அக்கா, கடைசியில், “சரி, எடுத்துடறேன்” என்றார்.

மறுநாளே அக்கா அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, எல்லாருக்கும் கொடுக்கப் பிரதி எடுக்கப் போனார். போன இடம் அவன் மனைவி வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடை. நாடகப் பிரதி முழுவதையும் அவள்தான் பிரதி எடுத்திருந்தாள். தாளை மெஷினில் வைக்கும்முன் ஒரு பார்வை பார்த்தாள்.

“இதுல ஒரு வசனம் குறையுதே அக்கா?”

அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்கு அடியில் இருந்தது.

“இதை நான் ஜெராக்ஸ் போடலை. மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிட்டேன்” என்றாள் மனைவி.

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். “உனக்கு இப்படி இருக்கும்போது நான் எப்படி அந்த வாயால...”

“எனக்கு எப்படி இருக்கு? இன்னும் ரிசல்ட்டே வரலை. அதுக்குள்ள என்னை வச்சுப் பேரம் பேசுறீங்களா? ஒரு வரி முழுங்கினா ஒரு பொண்டாட்டி இனாமா?”

“சும்மா இரு. வாய்க்கு வந்ததைப் பேசாதே.”

“நீங்கதான் வாய்க்கு வர்றதைப் பேச மாட்டேங்குறீங்க.” குரல் உடைந்துவிட்டது. “பத்து நாளா கேஸ் சிலிண்டரை மூடியாச்சா, கதவைச் சாத்தியாச்சான்னு வீடு பூரா அலையுறீங்க. ராத்திரி நான் மூச்சு விடுறேனான்னு மூக்குல கை வச்சுப் பார்க்குறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நீங்க பயப்படுறதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வருது.”

அவன் செம்பை நகர்த்தி, தாளை மடித்து, மறுபடி பிரித்து, அங்கேயே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நடந்தான்.

மறுநாள் அக்காவிடம், பழைய பக்கமே இருக்கட்டும் என்றான். ஆனால் சொல்வேனா மாட்டேனா என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசி ஒத்திகையிலும் அந்த இடத்தில் உதட்டை மட்டும்தான் அசைத்தான்.

சனிக்கிழமை மாலை அரங்கு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. திரை இடுக்கு வழியாக நாலு தரம் பார்த்தான். மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. பிளைவுட் உத்தரத்துக்கு அடியில் போய் நின்றான். “அவளைக் காப்பாற்றாத நீ...” என்பதுவரை வந்துவிட்டது. அதோடு நின்றுவிட்டான். அரங்கில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஓரத்தில் அக்கா வசனத்தை எடுத்துக்கொடுப்பது காதில் விழுந்தது.

இரண்டு மாடிக்கு நடுவில் லிப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் மணியை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் அவன் எழுந்து ஓடுவான். கதவுக்கு வெளியே நின்று, “பயப்படாதீங்க, வந்துட்டேன்” என்று குரல் கொடுப்பான். இந்தத் தச்சனின் மனைவி எத்தனை நாள் அழைத்திருப்பாள்? வண்டியில் ஏற்றும்போது, வழியில், சாகும்போது? யாருமே வரவில்லையே என்று நினைத்ததும் அவனுக்கு அசல் கோபம் வந்தது.

“...எனக்கு எதற்கு? நீ இல்லை. இருந்திருந்தால் இறங்கி வந்திருப்பாய்.”

கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னான். கூடத்தை விட்டுப் போகிறவனைப் பிடித்துக் கட்டச் சங்கிலியோடு வந்த தபால்காரர், ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார்.

சொல்லி முடித்த மறுகணமே மூன்றாவது வரிசையைப் பார்த்தான். நாற்காலி காலி. மீதி நாடகத்தை எப்படி நடித்தான் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. திரை விழுந்ததும் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் கணகணவென்று வெளியே ஓடினான். மனைவி கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“முன்னாடி ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்து உக்காந்துட்டான். ஒண்ணும் தெரியலை, அதான் எழுந்து வந்துட்டேன்” என்றாள். கண் சிவந்திருந்தது. “நல்லா சொன்னீங்க.”

திங்கட்கிழமை டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. கட்டி கெட்டதுதான், புற்றுநோய். ஆனால் ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், பிறகு சில மாதம் சிகிச்சை என்றார்.

வெளியே வந்ததும் மெக்கானிக்கின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மனைவி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்ன நினைக்கிறீங்கன்னு தெரியும். இது நாடகத்துக்கு முன்னாடியே இருந்தது. சதை எடுத்த தேதி என்ன, நீங்க வசனம் பேசின தேதி என்ன? கணக்குப் போட்டுப் பாருங்க.”

அவன் கணக்குப் போட்டான். சரியாகத்தான் வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாடகம் மறுபடி நடந்தபோதும் அவனே நடித்தான். வேறு ஆளைப் போடலாமா என்று அக்கா கேட்டதற்கு, அவன் வாயைத் திறக்கும்முன் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். வசனத்தைச் சொன்னான். சொன்ன கையோடு கூட்டத்தில் மனைவியைத் தேடினான். தச்சன் தன் மனைவியைத் தேடுகிறான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவன் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். அக்காவும் தபால்காரரும் வந்து கொஞ்ச நேரம் கூடவே நடந்துவிட்டு, கால் வலித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பதினொரு மணிவாக்கில்தான், தன் வாய் மறுபடியும் முணுமுணுத்துக்கொண்டிருப்பதை அவன் கவனித்தான். இரண்டு சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் முகத்துக்கு நேரே நீ இல்லை என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை வந்து கெஞ்சுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. “நல்லபடியா முடிஞ்சுதுங்க. முழிச்சிட்டாங்க, உங்களைத்தான் கேக்குறாங்க” என்றார் நர்ஸ்.

“இதோ வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் உள்ளே ஓடினான்.