சில்வண்டுகளுக்கு ஒரு டெஸ்ட்

உயிரியல் வாத்தியாருக்குப் பள்ளியில் வழங்கிய பெயர் லவுட்ஸ்பீக்கர். அவர் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தும் பாடத்தை எதிர்க் கட்டடத்துப் பத்தாம் வகுப்பும் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டு முடித்துவிடும். மழைக்காடு என்றால் அவருக்கு உயிர். அதை வருடா வருடம் தொண்டை கிழிய நடத்துவார். ஆனால் மழைக்காட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தார். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. அட்டைப்பூச்சியைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், அதோடு கூடப்பிறந்தவர் என்றுதான் தோன்றும்.

தவளை ஆராய்ச்சி செய்யும் மச்சினி தன் குழுவோடு காட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் மனைவியைப் பிடித்தார். மனைவி தங்கையைப் பிடித்தாள். தங்கைக்குப் பிடிக்க வேறு ஆள் இல்லாததால் ஒப்புக்கொண்டாள்.

முகாமில் இறங்கியதுமே சொல்லிவிட்டாள். "மாமா, காட்டுக்குள்ள வாயைத் திறக்கக் கூடாது. நான் தேடுற தவளை கட்டைவிரல் நகம் சைஸ்தான். அதோட குரலை இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணினதில்ல. நீங்க ஒரு இருமல் இருமினா அடுத்த மலைக்குக் குடி போயிடும். சத்தம் கேட்டுச்சு, அக்கா புருஷன்னு பார்க்க மாட்டேன். மிச்ச நாள் பூரா முகாம்ல வெங்காயம்தான் உரிக்கணும்."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று வாத்தியார் கிசுகிசுத்தார். கூடாரத்துக்கு மேலே இருந்த பறவைகள் கூண்டோடு கிளம்பின.

முதல் நாள் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பாடப்புத்தகத்தில் தீக்குச்சி அளவு இருந்த மரத்தின் பலகை வேர் இங்கே அவர் தலைக்கு மேல் சுவர் மாதிரி நின்றது. அதைத் தடவிப் பார்த்தார். கட்டிப் பிடித்தார். யாரிடமும் சொல்ல முடியவில்லை. கணுக்காலில் ஒரு அட்டை ரத்தம் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், சொந்த மகன் முதல் பரிசு வாங்கியது போல் பூரித்துப்போய், "ஆஹா!" என்றுவிட்டார்.

"இதான் கடைசி வார்னிங்," என்றாள் மச்சினி.

மறுநாள் மதியம் ஓடைக்கரை. ஒலிப்பதிவுக்காரர் மைக்கை ஒரு பாறை இடுக்கைப் பார்க்க நீட்டியிருந்தார். தூங்கும்போதும் ஹெட்போனைக் கழற்றாததால் அவர் பெயரே ஹெட்போன். பாறை இடுக்கில்தான் தவளை. ஆனால் சுற்றிலும் சில்வண்டுகள். வாத்தியார் இல்லாத வகுப்பு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது காடு. ஹெட்போன் உதட்டைப் பிதுக்கினார். மச்சினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் பொறுத்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். கைக்குட்டையை வாயில் திணித்தும் பார்த்தார். ஆனால் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்து மரத்தில் பளாரென்று ஒரு அறை விட்டது. கைக்குட்டை பறந்தது.

"ஏய்! என்ன அங்க சத்தம்? இது வகுப்பா, சந்தைக்கடையா?"

அந்தச் சத்தத்தை ஹெட்போனில் பெரிதாக்கிக் கேட்ட புண்ணியவான் அப்படியே ஓடையில் விழுந்தார். மச்சினி முகாம் இருக்கும் திசையைக் காட்ட விரலைத் தூக்கினாள். தூக்கிய விரல் அந்தரத்திலேயே நின்றது.

காடு கப்சிப். பாறை இடுக்கிலிருந்து மெல்ல, "டிக்... டிக்... கிர்ர்."

அதற்குள் சில்வண்டுகள் மறுபடி ஆரம்பித்துவிட்டன.

"பதிவாச்சா?" என்று மச்சினி துடித்தாள்.

"சார் குரல் பதிவாச்சு," என்றார் ஹெட்போன், தண்ணீருக்குள்ளிருந்து. "என் ஆயுசுக்கும்."

"மாமா, இன்னொரு தடவை."

"என்னது?"

"கத்துங்க!"

கத்தாதே என்று பெற்ற தாயிலிருந்து தலைமையாசிரியர் வரை சொல்லியிருக்கிறார்கள். கத்து என்று கெஞ்சியது அவள் ஒருத்திதான். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கத்தினார். சில்வண்டுகள் அடங்கின. தவளை ஆரம்பிப்பதற்குள் மீண்டும் இரைந்தன. இன்னொரு முறை கத்தியபோது ஒன்றுகூட மதிக்கவில்லை.

"பழகிடுச்சுங்க," என்றார் வாத்தியார், அனுபவஸ்தராக. "எல்லாம் கடைசி பெஞ்ச் கேஸ்."

"ஐயோ மாமா, அப்ப அவ்வளவுதானா?"

வாத்தியார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே மெதுவாக ஒரு நடை போனார். பிறகு திரும்பி, ரகசியம் போன்ற குரலில் சொன்னார்:

"சரி. புத்தகத்தை எல்லாம் மூடி வைங்க. ஆளுக்கொரு பேப்பர் எடுங்க."

அத்தனையும் நின்றது. உதிரப்போன ஒரு இலை யோசித்துவிட்டு அப்படியே தொங்கியது. ஹெட்போனின் ஈரக் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. டாக்டர் பட்டம் வாங்கிய மச்சினி, ஹெட்போன் என்ன எழுதப் போகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

தவளை மட்டும் நிதானமாகப் பாட ஆரம்பித்தது. படித்துவிட்டு வந்த ஒரே ஆள் அதுதான் போலிருந்தது.

பதிவுக் கருவியில் பச்சை முள் துள்ளிக்கொண்டே இருந்தது. முகாமுக்குப் போகவா என்று வாத்தியார் சைகையில் கேட்டார். மச்சினி பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? நாளைக்கும் வரணும், மறுநாளும் வரணும்," என்று காதோடு சொன்னாள். "இப்ப நிறுத்தாதீங்க மாமா. டெஸ்ட் வைங்க!"

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"முதல் கேள்வி..."