முப்பத்தொன்றாம் பாகம்

கம்பெனி பஸ் சூளகிரியைத் தாண்டியபோது முன்சீட்டுப் பெண்ணின் கைபேசியில் ரஞ்சிதாவின் குரல் கேட்டது. அவள் எழுதி, அவளே வாசித்து, சந்தாதாரர்களுக்கு மட்டும் நேற்று அனுப்பிய முப்பதாம் பாகம். அந்தப் பெண் சந்தா கட்டியவள் இல்லை. பின்சீட்டில் இருப்பது யார் என்றும் அவளுக்குத் தெரியாது.

ரஞ்சிதா ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் ஒயர் சோதிப்பவள். ஞாயிறுதோறும் வீட்டில் பீரோவைத் திறந்துவைத்து, எதிரொலி வராமல் இருக்கத் துணிகளைப் பார்த்தபடி கதை வாசிப்பாள். ஓர் ஏரி, அதன் மதகை அடைத்து மனை போடுகிறவர்களோடு ஒரு கிழவியும் நான்கு குடும்பங்களும் நடத்தும் சண்டை. முந்நூறு பேர் சந்தா கட்டிக் கேட்டார்கள். பிறகு யாரோ ஒவ்வொரு பாகத்தையும் டெலிகிராமில் போடத் தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பணம் கட்டுவார்கள்? பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள்.

அந்தப் பத்தொன்பதில் ஒருவர்தான் திருடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. முப்பதாம் பாகத்தில் ஒருத்தி சந்தையிலிருந்து காய் வாங்கி வரும் வரியைப் பத்தொன்பது விதமாக வாசித்து, ஆளுக்கொரு காய் வைத்து அனுப்பினாள். பதினைந்துக்கு மேல் காய் தெரியாமல் திணறியபோது, கூட வேலை செய்யும் ஹீனாதான் உதவினாள். “நீயெல்லாம் சமைக்கிறவளாக்கா? கோவக்காய விட்டுட்டியே!”

முன்சீட்டுக் கைபேசி இப்போது சொன்னது: “பையில் இரண்டு நூக்கோல் இருந்தது.”

நூக்கோல் வைத்த பதிவு பிரதாப்புக்குப் போனது. கதைக்கு இப்போது கணிசமாகப் பணம் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். பாகலூர் சாலையில் மனை விற்கிறவர். ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் அவருடைய லேஅவுட்டின் பெயரை ரஞ்சிதா விளம்பரமாக வாசித்து வந்தாள்.

ஷிப்ட் முடிந்ததும் நேராக அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். அவர் மறுக்கவில்லை. டீ சொல்லி அனுப்பினார்.

“ஆமா மேடம், நான்தான் போட்டேன். முந்நூறு பேர் என் பேரைக் கேட்டா எனக்கு என்ன ஆவும்? இப்ப நாப்பதாயிரம் பேரு கேக்கறாங்க. அத்திப்பள்ளில இருந்துகூட ஃபோன் வருது.”

“என் சந்தாவெல்லாம் போச்சுங்களே.”

“அதுக்குத்தான் நான் இருக்கேனே!” என்றார். கைபேசி அடித்தது, தெலுங்கில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசி வைத்தார். “ஒரு சின்ன விசயம். கதைல வர ஏரி உங்க சைட்டு ஏரிதானேன்னு மனை வாங்க வர பார்ட்டிங்க என்கிட்ட கேக்கறாங்க. ஏரி எப்பவோ வத்திப்போச்சு, சனங்க மனசார எழுதிக் குடுத்துட்டாங்கன்னு முடிச்சிடுங்க.”

“அப்படி முடியாதுங்க. அவங்க கடைசிவரைக்கும் எழுதிக் குடுக்கல. அதுக்குத்தான் இந்தக் கதையே.”

“ஞாயித்துக்கெழம சனங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே மேடம்.”

“இருக்கட்டும். நான் வாசிக்கல.”

அவர் வற்புறுத்தவில்லை. வாசல்வரை வந்து, மழை வரும்போல இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவைத் திறக்கவில்லை. முடிவை மட்டும் எழுதி வைத்துக்கொண்டாள். பணம் தர வேறு யாரும் இல்லாவிட்டாலும், அந்த முடிவோடுதான் கதை வெளியே போகும் என்று இருந்தாள்.

திங்கட்கிழமை காலை, கைபேசியைத் தொழிற்சாலை கேட்டில் ஒப்படைத்துவிட்டுத் தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது ஹீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

“கடைசில வித்துட்டாங்களாக்கா? அந்தக் கெழவி மொத ஆளா கையெழுத்துப் போடுதா? எனக்கு அழுகையே வந்துருச்சு. இதுக்கா நான் உனக்குக் கோவக்கா எடுத்துக் குடுத்தேன்?”

“என்ன கையெழுத்து? நான் எதுவும் வாசிக்கலையே.”

“போக்கா. உன் குரல் எனக்குத் தெரியாதா?”

மணி அடித்தது. எட்டு மணி நேரம் கைபேசி கேட்டுக்கு அப்பால் இருந்தது. ரஞ்சிதா ஒயர்களைச் சோதித்தாள். பச்சை விளக்கு எரிந்தால் நல்லது, சிவப்பு எரிந்தால் கெட்டது. கேட்காத ஒன்று மனதில் பெரிதாகிக்கொண்டே போனது.

ஷிப்ட் முடிந்து கைபேசியை வாங்கி, கேட்டுக்கு வெளியே நின்று டெலிகிராமில் கேட்டாள். முப்பத்தொன்றாம் பாகம். முதலில் லேஅவுட்டின் பெயர், பிறகு கதை. அவளுடைய குரல்தான். நீண்ட வாக்கியத்தின் நடுவே அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அதுவும் மூச்சு வாங்கியது. ஏரி எப்பவோ வற்றிவிட்டது என்று அது வருத்தமாகச் சொன்னது. அந்த வருத்தமும் அவளுடையதுதான். முப்பது பாகங்களிலிருந்து அவள் குரலை எடுத்துக் கம்ப்யூட்டரைப் பேசவைத்திருந்தார்கள்.

அங்கேயே, லாரிச் சத்தத்துக்கு நடுவே, கைபேசியை வாயருகே பிடித்துப் பேசிப் பதிவுசெய்தாள். “நான் ரஞ்சிதா பேசறேன். முப்பத்தொன்னு நான் வாசிச்சது இல்ல. அந்த ஊர்ல யாரும் ஏரிய விக்கல.” அதை அந்த டெலிகிராம் குழுவில் போட்டாள்.

பஸ் வருவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. ‘யாரும்மா நீ?’ ‘டூப்ளிகேட்.’ ‘ரஞ்சிதா மேடம் இப்படி அவசரமா பேச மாட்டாங்க.’ ஒருவர் கைதட்டும் எமோஜிகளாகப் போட்டு, மிமிக்ரி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். சற்று நேரத்தில் அவளுடைய பதிவையே காணோம். குழுவிலிருந்தும் அவளை நீக்கியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற ஹீனா தன் கைபேசியில் முப்பத்தொன்றாம் பாகத்தையும், ரஞ்சிதாவின் கைபேசியில் அவள் பேசிப் பதிந்ததையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்டாள். பஸ் வந்து நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஏறச் சொல்லித் தள்ளினார்கள்.

“நெசமாத்தான் சொல்றியாக்கா?” என்றாள் மெதுவாக. “அந்த லேஅவுட்டு ஆளு கிட்ட காசு வாங்கி வாசிச்சுட்டு, இப்ப எங்களச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லலியே?”