மொட்டுக் கிளை

எங்கள் நிலத்தின் ஓரத்தில், ஓடைக்கு மேலே நின்ற அந்த மரத்துக்குப் பெயர் தெரியாது. இலையைக் கசக்கினால் நாரத்தை மணம் வரும். செடிகொடி ஆராய்ச்சிக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த ஆபீசர், கோயம்புத்தூர்க்காரர், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எலுமிச்சை இனம் என்றார். இந்தத் தீவில் வேறெங்கும் அவர் கண்ணில் படவில்லையாம். பூவைப் பார்த்தால்தான் என்ன மரமென்று எழுத முடியும். மார்ச்சில் திரும்பி வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிப் போனார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டவள். காவல் என் தலையில் விழுந்தது.

அதற்குள் அம்மா அந்த இலையில், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் வேப்பிலைக்கட்டி இடித்து அக்கம்பக்கம் கொடுத்திருந்தாள். எங்கள் ஊரான சௌல்தாரியின் தமிழ்க் குடும்பமெல்லாம் ஓடைக்கு வந்தது. "ஒரு கைப்பிடிதாண்டி, மரமா குறைஞ்சிரும்?" வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுந்து நிற்பேன். அவர்கள் பறித்துப் போவார்கள். பிப்ரவரிக்குள் மரம் குச்சி குச்சியாகிவிட்டது. உச்சியில் ஒரு கிளை மட்டும் யார் கைக்கும் எட்டவில்லை. அதில் மிளகளவு மொட்டுகள். அதற்காக நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப் போனது.

ஆபீசர் வர நான்கு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அத்தை வந்தார். அவர் மருமகள் சுசீலா மூன்று மாதக் கர்ப்பம்.

"பச்சத் தண்ணி தங்கலடீ. டாக்டர் குடுத்த பாட்டில் பேகார், ஒண்ணுத்துக்கும் ஆகல. உங்கம்மா குடுத்த கட்டியத் தொட்டுத்தான் நாலு வாய் கஞ்சி போச்சு."

எங்கள் வீட்டிலும் கட்டி தீர்ந்திருந்தது.

"அதுல மொட்டு இருக்கு அத்தை."

"அவ வயித்துலயும் இருக்கே."

தொரட்டியை நானே எடுத்து வந்தேன். கிளை மொட்டோடு முறிந்தது. இலையை உருவி அத்தையிடம் கொடுத்துவிட்டு, மொட்டுகளைக் காம்போடு தம்ளர் தண்ணீரில் வைத்தேன். மூன்றாம் நாள் கறுத்து உதிர்ந்தன.

ஆபீசர் வந்தார். "ஆடு மேஞ்சிருச்சு சார்" என்றார் அப்பா.

"இவ்வளவு உயரத்துல எந்த ஆடுங்க மேயும்?"

"நான்தான் ஒடிச்சேன்" என்றேன். "ஒரு புள்ளத்தாச்சிக்கு."

அவர் திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "அடுத்த வருஷம் என்னை இங்க அனுப்ப மாட்டாங்கம்மா." அடிமரத்தை நூல் பிடித்து அளந்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"இப்பத் தொறக்கிற வாயை அவளுக பறிக்கறப்பத் தொறக்கறதுக்கென்ன?" என்றார் அப்பா. சுசீலா அக்காவைப் பார்க்கப் போனேன்.

பொன்னம்மா அத்தை வாசலிலேயே மறித்தார். "நல்லாச் சாப்பிடுறாடீ. இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?"

"இல்ல அத்தை" என்றேன்.