தூம்பா நின்ற இடம்

அருள்மேரிக்கு இனேஸைப் பிடிக்கவில்லை. ஒரு காரணம் போதாதென்று தினமும் புதிதாக ஒன்று வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

இனேஸ் ஸ்பெயின்காரி. அந்த நாட்டுப் பழைய பாட்டுகளைப் பாடுகிறவள். அதே போக்கில் புதுப் பாட்டும் கட்டுகிறவள். நம் பாட்டுகளைக் கேட்கவென்று தஞ்சாவூருக்கு வந்தவள், தவக்காலத்தில் இந்த ஊரில் பாடுகிற புலம்பலைக் கேள்விப்பட்டு, மேரி வீட்டு மாடி அறையில் வந்து தங்கிவிட்டாள். வாங்க வாங்க என்று பல்லைக் காட்டிக் கூட்டிவந்தது மேரியின் புருஷன் லூர்துராஜ்.

"ஆலிவ் தோப்புல காய் பறிக்கிறவங்களோட பாட ஆரம்பிச்சாங்களாம். இப்ப ஜப்பான்ல இவங்க கச்சேரிக்கு டிக்கெட்டே கிடைக்காதாம்" என்று சோற்றில் கை வைத்தபடியே போனை நீட்டுவான்.

அறுவடை மிஷின் ஓட்டுகிறவனுக்கு ஜப்பானில் டிக்கெட் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பெரிய வெள்ளியன்று தூம்பாவுக்கு முன்னால் பாடுகிறவள் மேரி. ஒரு தடவையாவது அதைப் போனில் பிடித்திருப்பானா இந்த மனுஷன்?

தூம்பா என்பது இறந்த இயேசுவின் சுரூபத்தைக் கிடத்திய பெட்டி. பெரிய வெள்ளி சாயங்காலம் அதைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வருவார்கள். கோயிலில் எடுத்தால் திரும்பவும் கோயிலில்தான் இறக்குவார்கள்; நடுவில் நிற்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. தோள் மாற்றுவதுகூட நடந்தபடியேதான். முன்னால் மேரி புலம்பல் பாடிக்கொண்டு போவாள். அவள் நடைதான் தூக்குகிறவர்களுக்கும் நடை. அந்த ஒரு சாயங்காலம் ஊரே அவள் பின்னால் வரும். மற்ற நாளெல்லாம் அவள் பின்னால் வருவது வீட்டு ஆட்டுக்குட்டி மட்டும்தான்.

அதிலும் கை வைத்தார் பங்குச் சாமியார்.

"இனேஸ் உங்க வீட்டு மாடியிலேருந்து ஒரு பாட்டு பாடட்டுமே, மேரி. அவங்க ஊர்ல அப்படித்தானாம்."

"பாடட்டும் ஃபாதர், அதுக்கென்ன" என்றாள் மேரி. 

அன்று மத்தியானம் மேரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இனேஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு மாதத்தில் தமிழை வேறு பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு காரணம்.

"அக்கா, எங்க ஊர்ல பால்கனியில நின்னு பாடுவோம். பாட்டு ஆரம்பிச்சா தூம்பா நின்னுடும். முடிஞ்சாதான் போகும். இங்கயும் நிக்கும்தானே?"

மேரி தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க பாடுங்க. மத்ததை வர்றவங்க பாத்துக்குவாங்க."

தூம்பா அதுபாட்டுக்குப் போய்விடும். வெறும் தெருவுக்கும் தெருநாய்க்கும் பாடட்டும் ஜப்பான்காரி என்று நினைத்தபோது, மேரிக்குப் பல நாளைக்குப் பிறகு கீரை ஆய்வதில்கூட ஒரு சுகம் இருந்தது.

பெரிய வெள்ளியன்று வெயில் தாழ்ந்ததும் தூம்பா புறப்பட்டது. உளுந்து எடுத்து முடிந்த வயல்களை ஒட்டி வந்து, வாய்க்கால் மதகைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியது. மேரி என்றைக்கும் இல்லாத உரத்த குரலில் பாடினாள். வீட்டுக்கு நேராக வந்தபோது அவள் பாட்டில் ஒரு அடி முடிந்தது. அடுத்ததை எடுக்குமுன் மேலேயிருந்து இனேஸ் தொடங்கிவிட்டாள்.

மேளமில்லை, ஆர்மோனியமில்லை. வெறும் குரல், மேலே ஏறி, அங்கேயே நின்று நடுங்கியது.

எங்காவது ஒரு பிசிறு தட்டும் என்று மேரி காதைத் தீட்டிக்கொண்டாள். சுருதி விலகும், மூச்சு போதாமல் ஒரு இடத்தில் தடுக்கும், அதைப் பிடித்துவிட வேண்டும். அந்தத் தப்பைத் தேடித்தான் நடையைக் குறைத்தாள். தப்பு வரவில்லை. இதோ வரும், இப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே மேரி நின்றுவிட்டாள்.

அவள் நின்றதும் முன்கட்டையைத் தோளில் தாங்கியிருந்த லூர்துராஜ் நின்றான். தூம்பா நின்றது. பின்னால் வந்த ஊரும் நின்றது.

பாட்டு முடிகிறவரை ஒருவரும் அசையவில்லை. மேரியின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதில் பாதி சாமிக்கு, பாதி பொறாமை.

கோயிலில் தூம்பாவை இறக்கியதும் சாமியார், "யாருக்கும்மா வரும் இவ்வளவு பெரிய மனசு?" என்றார். லூர்துராஜ் தோளைத் தேய்த்துக்கொண்டே பெருமையாகப் பார்த்தான். மேரிக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் இனேஸ் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள்.

"இங்க நிக்கற வழக்கமே இல்லைன்னு இப்பதான் சொன்னாங்க. எனக்காக நின்னீங்களா, அக்கா?"

மேரி குனிந்து வாசல்படியைப் பார்த்தாள்.

"எங்க ஊர்லயே எனக்கு நிக்கல, போன வருஷம். ரோசாரியோன்னு ஒரு அக்கா. சின்ன வயசுலேருந்து சேர்ந்து பாடினோம். நான் வெளியூரெல்லாம் போய்ப் பேர் வாங்கினது அவங்களுக்குப் பிடிக்கல. தூக்கறவங்ககிட்ட என்னமோ சொல்லிட்டாங்க. நான் பாடிட்டே இருக்கேன், தூம்பா போய்க்கிட்டே இருக்கு. வெறும் தெருவைப் பார்த்துப் பாடி முடிச்சேன். நீங்க அப்படி இல்லை."

மேரி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். இனேஸ் விடவில்லை.

"அந்த ரோசாரியோ நல்லாப் பாடுவாங்களா?"

"என்னைவிட நல்லாப் பாடுவாங்க."

மேரி மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை என்னைக்காவது அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.