இந்தக் கதையில் கடல் வராது

1

அந்தத் துணி நீலம் என்றுதான் முதலில் எழுதினேன். ஒரு பத்தி முழுக்க நீலம். எழுதி முடித்த பிறகு அதைத் தைத்த ஷிபானாவிடம் கேட்டேன். "நீலமா? ஒரு முழம் நீலம் கெடயாது. எல்லாம் கட்டம் போட்ட சாரம்லா" என்றாள். கைலியை எங்கள் பக்கம் சாரம் என்போம்.

நான் அங்கே இருந்தவன். அந்தத் துணியின் ஓரத்தை இந்தக் கையால் பிடித்திருந்தவன். அப்படியும் என் நினைவு அதை எடுத்து நீலச் சாயத்தில் முக்கிவிட்டது, கடல் என்றால் நீலம் என்று சிறுவயதில் யாரோ சொன்னதை நம்பி. ஆகவே இனி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

கதை கிடைத்த விதம் இது. கருங்கலில் இருந்து தேங்காப்பட்டணத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். மீன் வாங்கி முடித்தும் திரும்ப மனமில்லாமல் அடுத்த ஊர்க் கரைவரை நடந்தேன். அங்கே ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, "சும்மா நிக்கியதுக்கு இத ஒண்ணு பிடியுங்க" என்று ஒரு துணியின் ஓரத்தைக் கொடுத்தாள். பிடித்தேன். இன்னும் விட முடியவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கள்ளக்கடல் என்பது தென் பெருங்கடலில் உருவாகும் நெடிய அலைகளின்—" (பாடப்புத்தகம். விட்டாயிற்று.)

"கடலம்மா சினம் கொண்ட அன்று—" (கடலுக்குச் சினமே இல்லை, காற்றும் இல்லை, அதுதான் சங்கதி. இதுவும் போயிற்று.)

"ஷிபானா தையல் இயந்திரத்தை மிதித்தாள்." இது நிற்கும் போலிருக்கிறது. இதிலிருந்து போகிறேன்.

3

ஷிபானா தையல் இயந்திரத்தை மிதித்தாள். அவளுடைய தொழில் தையல் இல்லை. பள்ளி ஆண்டுவிழாக்களுக்கும் திருவிழா நாடகங்களுக்கும் மேடைப் படுதா வரைகிறவள். அரண்மனை, காடு, கைலாசம், பெத்லகேம், எது கேட்டாலும் வரைவாள். கடலை மட்டும் இப்போது தைத்துக்கொண்டிருந்தாள்.

தைக்க வைத்தவள் ஞானசெல்வி. அவள் அலைகளைப் படித்தவள், கொச்சியில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. பிறந்தது இந்தக் கரை. அவளுடைய சித்தப்பா சிலுவைதாசனின் வீடு இன்றும் கடலுக்கு முதல் வரிசை. கள்ளக்கடல் வரப்போகிறது என்றால் அவளுடைய நிலையத்திலிருந்து எல்லோருடைய ஃபோனுக்கும் செய்தி போகும். கரையில் ஒருவர்கூட அசைய மாட்டார்கள்.

"ஃபோனப் பாப்பாவ. ஒடனே தலயத் தூக்கிக் கடலப் பாப்பாவ" என்றாள் ஞானசெல்வி. "அது எண்ண ஊத்தினது போலக் கெடக்கும். காத்து இல்ல, மழ இல்ல. கண்ணு பொய் சொல்லுமா? அப்ப ஃபோன்தான் பொய்."

புயல் அடிப்பது பூமியின் தெற்கு ஓரத்தில், ஆளில்லாத கடலில். அங்கே கிளம்பிய அலை நாள்கணக்கில் நடந்து, நல்ல வெயிலடிக்கும் ஒரு பகலில் இங்கே வீட்டுக்குள் நுழையும். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர்.

"கண்ணுக்குத் தெரியாதத நான் எப்பிடிட்டி வரையியது?"

"வரையாண்டாம். கையில குடு."

அப்படிப் பிறந்ததுதான் அந்தத் துணி. கரை நீளத்துக்கு ஒரு துணி. ஒரு முனை தெற்கே, கரையில் ஏற்றிப் போட்ட மீன்பிடி வள்ளங்களுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடத்தில். இரண்டு ஓரங்களையும் ஊரே பிடித்துக்கொள்ளும். தெற்கே ஒருத்தி உதறுவாள். உதறல் கைமாறிக் கைமாறி வந்து, புயலைப் பார்த்தே இராதவர்களின் கையைப் பிடுங்கும். ஷிபானா கதை சொல்லிக்கொண்டு நடுவில் நடப்பாள். இதுதான் மொத்த நாடகமும்.

பெங்களூரில் ஓர் அறக்கட்டளை, அறிவியலைக் கலை வழியாகக் கொண்டுபோகும் வேலைகளுக்கு உதவுவது, முதல் வருடத்துக்குப் பணம் தந்தது. மற்றக் கரைகளுக்குப் போக வேண்டுமானால் இரண்டாம் வருடத்துக்கும் தர வேண்டும். தருவார்களா என்பதைச் சொல்ல ஓர் ஆள் வந்து பார்ப்பார். ஷிபானா அந்த வருடம் படுதா வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு ஒரு சாரம் கேட்டு இருவரும் நடந்தார்கள். சிலுவைதாசன் வாசலிலேயே நிறுத்தினார்.

"சாரத்தயும் உருவிட்டுப் போனா, பெறவு கடலு வந்தா நான் எத உடுத்திட்டு ஓடுவேன் மோளே?"

"ஓடுவேன்னு ஒத்துக்கிட்டியளே சித்தப்பா, அது போதும்" என்றாள் ஷிபானா.

அவர் உள்ளே போய் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று புதிது.

4

பார்க்க வந்தவர் கோலப்பன். நாகர்கோவில்காரர், பெங்களூரில் இருக்கிறார். அவரை வில்லனாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மீசைகூட வைத்தேன். ஆனால் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாரத்தின் ஓரத்தை எல்லோரையும் போல வாங்கிப் பிடித்தார். மீசையை எடுத்துவிட்டேன்.

வெயில் சாய்ந்த நேரம். ஞானசெல்வி துணியின் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வள்ளங்களுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள்தான் புயல். ஷிபானா தொடங்கினாள்: "இஞ்ச பாருங்க, கடலு சும்மா கெடக்கு..."

இந்த இடத்தில் படித்த இரண்டு பெண்களும் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தார்கள். இந்தக் கரையில் இரண்டு வரிசை ஆட்களை நிறுத்தி, நீளமாக எதையாவது கையில் கொடுத்தால், அவர்கள் செய்வது ஒன்றுதான். கரைமடி வலையை அப்படித்தான் கரைக்கு ஏற்றுவார்கள். துணி லேசாக அசைந்தது. யாரோ, "வலியுங்கலே!" என்றார்.

வலித்தார்கள். ஊரே குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்து இழுத்தது. நானும்தான். வாழ்நாளில் வலையைத் தொட்டதில்லை, ஆனாலும் என் கை அவர்கள் கையோடு போனது. வள்ளங்களுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. பிறகு புயல், கொச்சியில் பட்டம் வாங்கிய புயல், குப்புற மணலில் இழுபட்டுக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தது.

"மடியில மீனக் காணல்ல. நம்ம செல்விதான் பட்டிருக்கா!"

"நல்ல கனம் உண்டும் லே. ஏலம் விடு!"

சிரித்துச் சிரித்துச் சிலர் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோலப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷிபானா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தது அந்த நிமிடம்தான்.*

* நான் இங்கே கதையை நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். தோற்ற கலை, சிரிக்கும் ஊர். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஞானசெல்வி எழுந்துவிட்டாள்.

ஞானசெல்வி எழுந்தாள். வாயிலிருந்த மணலைத் துப்பினாள். "இழுத்தா நாந்தான் வருவேன், அலை வராது! கடலு எடம் மாறல்ல, தள்ளுதான் கை மாறி வருவு. தளத்திப் பிடியுங்க!" என்று கத்திவிட்டு மறுபடி வள்ளங்களுக்குப் பின்னால் போனாள்.

இரண்டாம் முறை யாரும் இழுக்கவில்லை. நேரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. கடைசி வரிசையில் பேச்சுத் தொடங்கியது. சிலுவைதாசன் தெற்குக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையில் துணி, ஒரு கையில் பீடி, பக்கத்து ஆளிடம் மண்ணெண்ணெய் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார். துணி அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. பீடி விழுந்தது. அவர் தெற்கே திரும்பினார். அங்கே வள்ளங்கள்தான் தெரிந்தன. கடலைப் பார்த்தார். எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது.

அவர் முகத்தில் அப்போது இருந்தது— (நான்கு முறை எழுதிவிட்டேன். வரவில்லை. காலியாக விடுகிறேன்.)

5

மறுநாள் காலை, தேநீர்க் கடை. கோலப்பன் கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பெங்களூர்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கவிய கேப்பாவ. ஒரு வீடியோ எடுத்தா ஒரே நாள்ல மொத்தக் கரைக்கும் போயிரும். நீங்க கரைக்கு ஒரு மாசம் தைக்கிறீங்க. எதுக்குன்னு நான் என்ன சொல்லட்டும்?"

நியாயமான கேள்வி. ஷிபானாவுக்கு மூன்று பதில்கள் எழுதினேன்.

(அ) "கலை இல்லாமல் அறிவியல் மக்களைச் சேராது, சார்." இது விழா மேடைப் பேச்சு. அவள் வாயில் நிற்காது.

(ஆ) "கசப்பு மருந்துல தேன் கொழைக்கியது போல—" இதைக் கேட்டால் அவளுக்கு எரிச்சல் வரும். அவளுடைய துணி அறிவியலுக்குத் தடவிய தேன் இல்லை. அலை என்பது தண்ணீர் இல்லை, தள்ளு என்பதை அந்தத் துணிதான் சொன்னது. வேறு எதுவும் அதைச் சொல்லவில்லை.

(இ) ஞானசெல்வியைத் திரும்பிப் பார்ப்பது.

நடந்தது (இ). ஞானசெல்விதான் பேசினாள்.

"வீடியோவும் கண்ணுக்குத்தான சார் போவு? எங்களுக்குச் சண்டையே கண்ணுகூடத்தான்."

கோலப்பன் தலையாட்டினார். "சரி, கை கத்துக்கிட்டுன்னே வெப்போம். அதுக்குச் சான்று?"

"கடலு வரணும் சார்" என்றாள் ஷிபானா.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

6

அன்று சாயங்காலம் அவள் தனியாகத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கடல் சும்மா கிடந்தது. சுருட்டியபடியே அவள் நினைத்தாள்: வந்தால்? ஒரு சின்னது. முதல் வரிசை வாசற்படி வரைக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாமல். கை நினைவு வைத்து எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அது கோலப்பனின் காதுக்குப் போக வேண்டும்.

வாசற்படி என்று நினைத்தபோது கண் தானாக ஒரு வாசற்படிக்குப் போனது. சிலுவைதாசனுடையது. அதில் அவருடைய பேத்தியின் வெள்ளைப் பள்ளிக்கூட ஷூ, கழுவிக் காயவைத்திருந்தது, இரண்டும் சுவரில் சாய்ந்து.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள் ஷிபானா. சுருட்டிய துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

7

நானும் அதைத்தான் செய்தேன். இந்தக் கதையின் ஒரு பிரதியில் கடல் வந்தது.

"வெயில் வெளுத்திருந்தது. சிலுவைதாசனின் ஃபோன் அடித்தது. அவர் கடலைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். பேத்தியைத் தூக்கித் தோளில்—"

நன்றாகவே வந்திருந்தது. ஊர் முழுக்கக் கோயில் வளாகத்துக்கு ஏறியது, வீடுகளில் தண்ணீர் புகுந்தது, ஓர் உயிர் போகவில்லை, பெங்களூரில் கோலப்பன் செய்தி பார்த்தார், பணம் வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது: ஒரு நாடகத்துக்குப் பணம் வாங்கித் தருவதற்காக ஒரு கரையையே நனைத்திருக்கிறேன்.

வேறொரு முடிவும் வைத்திருந்தேன். கடல் வருகிறது, யாரும் அசையவில்லை. அது எதிர்த்தரப்பு வாதத்துக்காகக் கரையை நனைப்பது. இரண்டையும் கிழித்தேன்.

முட்டத்துக் கலங்கரை விளக்கிடம், நேற்று எந்தக் கப்பல் உன்னால் மோதாமல் போயிற்று, சொல் என்று எவரும் கேட்பதில்லை. அது எரிய வேண்டும் என்று நமக்குத் தெரியும், எரிய வைக்கிறோம். ஷிபானாவின் துணியிடம் மட்டும் நாம் விபத்தைக் கேட்கிறோம். தர மாட்டேன். நீங்கள் எத்தனை பக்கம் காத்திருந்தாலும் இந்தக் கதையில் கடல் வராது.

8

கோலப்பன் கிளம்பும் முன் ஷிபானா பேருந்து நிறுத்தத்துக்கே போனாள்.

"சார், எனக்க கிட்ட சான்று இல்ல. எப்பவும் இருக்காண்டாம்னுதான் துஆ கேக்கியேன். நீங்க அத அப்படியே எழுதுங்க."

"இத எப்படிம்மா எழுத?"

"படிச்ச ஆளுலா நீங்க" என்றாள் பின்னாலேயே வந்த ஞானசெல்வி.

"தந்தாலும் தரல்லன்னாலும் நாங்க அடுத்த கரைக்குப் போவோம்" என்றாள் ஷிபானா. "தந்தா சீக்கிரம் போவோம். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

கோலப்பன் ஏறினார். ஜன்னல் வழியாக எதையோ சொன்னார். பேருந்துச் சத்தத்தில் கேட்கவில்லை. (என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.)

9

இனி அவரவர் என்ன ஆனார்கள் என்பது.

அறக்கட்டளை இரண்டாம் வருடத்துக்குப் பணம் தரவில்லை. வீடியோவாகச் செய்தால் பரிசீலிப்பதாக எழுதினார்கள். கோலப்பன் அதே வேலையில் இருக்கிறார். ஷிபானா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அறிக்கையில் சேர்த்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அது எந்தப் பயனும் தரவில்லை. பயன் தராது என்று தெரிந்தே சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஞானசெல்வி கொச்சியில் செய்தி அனுப்புகிறாள். விடுப்புக் கிடைத்தால் வந்து புயலாகிறாள். இப்போதெல்லாம் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதில்லை, கையில்தான் பிடிக்கிறாள்.

ஷிபானா மறுபடி அரண்மனையும் பெத்லகேமும் வரைகிறாள். ஞாயிறுகளில் அந்தத் துணி மீன் ஏற்றும் டெம்போவில் அடுத்த கரைக்குப் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் சில சாரங்கள் சேர்கின்றன. முதல் முறை எல்லா ஊரிலும் வலிக்கிறார்கள். அதை அவள் இப்போது நாடகத்திலேயே சேர்த்துவிட்டாள்.

நான் கருங்கலில் இருக்கிறேன். துணி நீலம் இல்லை என்று திருத்திவிட்டேன்.

சிலுவைதாசனின் வீடு இன்னும் முதல் வரிசையில்தான் இருக்கிறது. ஃபோனில் செய்தி வந்தால் செய்தியைப் பார்க்கிறார். கடலைப் பார்க்கிறார். அப்புறம் தெற்கே, வள்ளங்கள் இருக்கும் பக்கம், கொஞ்ச நேரம் பார்க்கிறார். முன்பு அப்படிப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொல்கிறாள்.

பார்த்த பிறகு அவர் என்ன செய்வார் என்பதை நான் எழுத மாட்டேன். அதை எழுத வேண்டுமானால் கடல் வர வேண்டும்.