பாரை மீனுக்குள் வெள்ளைப் புழு

மீன் புதிதாகத்தான் இருந்தது. செவுள் சிவப்பு, கண் தெளிவு, அழுத்தினால் சதை குழியாமல் எழும்பியது. ஆனால் வெட்டியபோது உள்ளே சோற்றுப் பருக்கை போல மூன்று வெள்ளைப் புழுக்கள். பழுதாகாத மீனில் புழு எப்படி வரும்? மலைநாட்டு வத்தேகம சந்தையில் பதினெட்டு வருடமாக மீன் விற்கும் முனாபுக்கு விளங்கவில்லை.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை இரண்டு மாதத்துக்கு முன்பு. புற்றுநோயோடு படுத்திருந்த மனைவி ஸுலைஹா பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுக் கேட்டது, சோற்றில் ஊற்றிக்கொள்ளப் பாரை மீன் ஆணம். அவர் தெரிந்தெடுத்துக் கொண்டுபோன பாரையிலும் இதே வெள்ளைப் புழு. மலைக்கு வரும் மீனில் எதைக் கண்டாலும் லொறியில் பழுதானது என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படியே நினைத்து, முழு மீனையும் வீட்டு வளவில் புதைத்தார். மறுநாள் போயா விடுமுறை, மீன் வரவில்லை. அதற்கடுத்த நாள் ஸுலைஹாவால் விழுங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள்.

இன்று கடைக்கு வந்த வாடிக்கைக்காரி யசோதினி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மீன் ஒட்டுண்ணிகளை ஆராய்பவள். வெட்டுப் பலகையைக் கண்டதும் குனிந்தாள்.

"நானா, இத வீசிராதீங்க. எனக்குத் தாங்க."

"புழுவுக்கும் ஆள் வருதா மிஸ்? லொறியில எங்கயோ பழுதாகியிருக்கும்."

"இல்ல நானா. பழுதான மீன்ல வர்றது ஈயோட புழு, அது வெளிய இருந்து வரும். இது நாடாப்புழுக் குஞ்சு. மீன் நீந்துறப்பவே உள்ள இருந்திருக்கு." கத்தி நுனியால் ஒரு பருக்கையைப் பிளந்தாள். சின்னப் பைக்குள் சுருண்டு கிடந்தது புழு. "இது வளரணும்னா சுறாவோட குடலுக்குப் போகணும். பாரைய ஒரு சுறா முழுங்குற வரைக்கும் சதைக்குள்ள சும்மா காத்துக்கிட்டிருக்கும். பாவம், மலைக்கு வந்துருச்சு."

"மனுசன் திண்டா?"

"நாம சுறா இல்லையே. நம்ம வயித்துல வளராது. வேகவச்சா செத்துரும்."

"நோயாளி திண்டா?"

"நல்லா வெந்திருந்தா நோயாளிக்கும் ஒண்ணும் ஆகாது நானா." அவள் இன்னும் புழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனாப் கத்தியைக் கீழே வைத்தார். "அவ ஆசப்பட்டுக் கேட்டா மிஸ். நான் பொதச்சிட்டேன்."

யசோதினி நிமிர்ந்தாள். ஸுலைஹாவின் மையித்து வீட்டுக்கு அவளும் வந்திருந்தாள்.

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?" என்று முனாப் கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: "புழு இருக்கிற எடத்த மட்டும் சுத்தி வெட்டி எடுத்துறணும். மிச்சத்த நல்லா வேகவச்சுக் குடுக்கலாம்."